செவலையின் சோற்றுக் கணக்கு

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் ‘நட்பு’, ‘தன்னம்பிக்கை’, ‘இளைஞனே எழு’ போன்ற தலைப்புகளை நண்பர்கள் முந்திக்கொண்டு பிடித்துவிட்டார்கள். கவிதைப் பக்கங்களைச் சிவில் துறை குத்தகைக்கே எடுத்துவிட்டது. எனக்கு மிஞ்சியது ஒரு நாய்தான். அதுவும் கிழட்டு நாய்!

என்ன, சிரிக்கிறீர்களா? “விடுதி மெஸ் சாம்பாரில் நமக்கே சத்தைத் தேட வேண்டியிருக்கு, இவன் நாய்க்குச் சத்து சொல்ல வந்துட்டான்” என்று என் அறை நண்பன் இப்போதே ஆரம்பித்துவிட்டான். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நம்மில் பாதிப்பேர் வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்துக் கிடக்கிறது. நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் குட்டியாக வந்தது, நாம் டிப்ளமோ முடிக்கிற நேரத்தில் கிழமாகி நிற்கிறது. அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு வருடமாக நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்தச் செவலை?

செவலை சிப்பிப்பாறை இனம். எங்கள் கரிசல் வட்டாரத்து ஊர் ஒன்றின் பெயரையே தாங்கி நிற்கிற நாய். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்குக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் இருக்கிறது! நீண்ட முகம், ஒட்டிய வயிறு, வில் மாதிரி முதுகு. முயலைத் துரத்தி ஓடினால் கால் தரையில் பாவாது.

எனக்கு 7 வயதாக இருக்கும்போது அய்யா அதை ஒரு சாக்குப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். இப்போது எனக்கு 18, செவலைக்கு 11. எங்களுக்கு நிலம் கிடையாது. இருபது, இருபத்தைந்து ஆடுகள்தான் சொத்து. நரி, தெருநாய்க் கூட்டம், ராத்திரி லோடு ஆட்டோவில் வரும் ஆட்டுத் திருடர்கள் எல்லாவற்றிடமிருந்தும் பட்டியைக் காத்தது செவலை. நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருடம் ஒரு நள்ளிரவில் அது குரைத்த குரைப்பில்தான் தெருவே எழுந்து வந்தது. வந்தவர்கள் அவிழ்த்த ஆடுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அந்த ஆடுகளில் இரண்டு கிடாய்களை விற்றுத்தான் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் கால் பங்கு செவலைக்குச் சேர வேண்டும்.

போன வருடம் செமஸ்டர் விடுமுறைக்குப் போனபோது செவலை என்னைப் பார்த்து வாலை ஆட்டியது, ஆனால் எழுந்து வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து, ஒரு கிழவனார் திண்ணையிலிருந்து எழுவது போல எழுந்தது. வயிறு பெருத்திருந்தது. பின்னந்தொடை மட்டும் வற்றிப் போயிருந்தது.

அய்யா சொன்னார்: “வயசாயிருச்சுல. நாய் தன் சாவத் தானே தேடிப் போயிரும். புதுக்குட்டி ஒன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

எங்கள் ஊரில் இது கொடுமையான பேச்சு அல்ல, காலங்காலமாக நடப்பதுதான். உழைத்த நாய் ஓய்ந்தால் சங்கிலியைக் கழற்றிவிடுவார்கள். அது கிடைத்ததைத் தின்று ஒருநாள் காணாமல் போகும். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே அரசு கால்நடை மருந்தகத்துக்குச் செவலையைக் கூட்டிப் போனேன்.

எடை மேடையில் ஏறிய நாய்

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி என்ன படிக்கிறீங்க?” மெக்கானிக்கல் என்றேன். “அப்போ உங்களுக்கு ஈஸியாப் புரியும். பேரிங் தேஞ்சிருக்கு. புதுசா மாட்ட முடியாது. என்ன செய்வீங்க?”

“லோடைக் குறைக்கணும் மேடம்.”

“அதேதான்! முதல்ல எடையைக் குறைங்க.”

நாய் வைத்தியம் எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு ஒருமுறை தேய்ந்தால் பழையபடி வளராது. ஆனால் அதன் மேல் ஏறும் பாரத்தைக் குறைக்கலாம், சுற்றியிருக்கும் தசையைப் பலப்படுத்தலாம், வீக்கத்தைத் தணிக்கலாம். நாம் படிக்கும் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் இதுதானே!

எடை பார்க்க நாய்க்கென்று தனித் தராசு தேவையில்லை. கமிஷன் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு மேடையில் முதலில் நான் ஏறினேன்: 54 கிலோ. செவலையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்: 76 கிலோ. கழித்தால் 22. அதன் உடல்வாகுக்கு 18 இருந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. நான்கு கிலோ கூடுதல். 54 கிலோ ஆள் 12 கிலோ சிமெண்டைச் சுமந்துகொண்டே திரிவதற்குச் சமம்.

தராசு இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுகிறதல்லவா, விலா அப்படி இருந்தால் சரியான எடை. முஷ்டி மடக்கிய மொட்டு மாதிரி துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் கொழுப்பு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்டக்கார நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா வெளியே தெரிவது இயற்கை. அதைப் பார்த்துப் “பட்டினி போடுறான்” என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம்.

எடை என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்று தின்னும் அளவில் முக்கால் பங்குதான் மற்றதற்கு. வாழ்நாள் முழுக்க இப்படியே. 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். குறைவாகத் தின்ற நாய்களில் பாதி 13 வயதைத் தாண்டின. வழக்கமாகத் தின்றவற்றில் பாதி 11 வயது சொச்சத்திலேயே போய்விட்டன. ஏறக்குறைய 2 வருட வித்தியாசம்! மூட்டு நோயும் ஒல்லி நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. எந்த மருந்தும் இல்லை, அளவு மட்டும்தான்.

நாய்க்கு எவ்வளவு சோறு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எம்-1-ல் அரியர் வைத்தவர்களும் போடலாம்! நாய் இருக்க வேண்டிய எடையை மூன்று தடவை பெருக்குங்கள்: 18 × 18 × 18 = 5832. கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை தட்டுங்கள்: முதலில் 76.4, அடுத்து 8.74. அதை 70-ஆல் பெருக்கினால் 612. 18 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி அது. ஓடியாடும் வயதில் இதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். படுத்தே கிடக்கும் வயதான நாய்க்கு அவ்வளவு வேண்டாம். எடை குறைய வேண்டிய நாய்க்கு இந்த 612-ஐ ஒட்டிக் கொடுத்தால் போதும் என்று டாக்டரம்மா குறித்துத் தந்தார்.

செவலை என்ன தின்றது என்று வீட்டில் விசாரித்தேன். அம்மா காலையில் கஞ்சி ஊற்றுவார். அப்பத்தா தன் தட்டில் மிஞ்சியதைத் தள்ளுவார். தங்கச்சி ராத்திரி சோறு வைப்பாள். ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் காலையில் டீக்கடையில் ஒரு டீயும், செவலைக்கு எட்டு பிஸ்கட்டும் அய்யா கணக்கு! எட்டு பிஸ்கட் என்றால் 200 கலோரிக்குப் பக்கம். அதாவது ஒரு நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு டீக்கடையிலேயே முடிந்துவிடுகிறது. ‘சாவத் தானே தேடிப் போயிரும்’ என்று சொன்ன அதே அய்யாதான் நண்பர்களே!

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

“நாய் மாமிசம் தின்கிற சாதி, அதுக்குக் கஞ்சி ஊத்தலாமா?” என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. ஊற்றலாம். 2013-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆராய்ச்சி, ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான் இருந்தது. நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தது. மனிதனோடு ஆயிரக்கணக்கான வருடம் சோறு தின்றதால் வந்த மாற்றம். ஆக, நம் முன்னோர் ஊற்றிய கம்பங்கஞ்சி தப்பில்லை. ஆனால் கஞ்சி மட்டுமே போதாது.

வயதான நாய்க்குத் தசை வற்றும். அதனால் புரதத்தைக் குறைக்கவே கூடாது. ‘கிழட்டு நாய்க்குக் கறி ஆகாது’ என்று ஊரில் சொல்வார்கள். சிறுநீரகம் கெட்ட நாய்க்குத்தான் புரதத்தையும் பாஸ்பரஸையும் டாக்டர் சொன்னபடி கட்டுப்படுத்த வேண்டும். நல்ல சிறுநீரகம் உள்ள நாய்க்குப் புரதம் வேண்டும். இது இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். செவலைக்கும் எடுத்தோம், சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. வெளியே அறிகுறி தெரியும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. உங்கள் நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாக மூத்திரம் பெய்தால் ‘வெயில் காலம்’ என்று விட்டுவிடாதீர்கள்.

செவலையின் ஒரு நாள் சாப்பாடு இதுதான். கம்பு அல்லது அரிசி 60 கிராம், குழைய வேகவைத்தது. முட்டை 2, அவித்தது. மத்தி மீன் 100 கிராம், உப்பு காரம் இல்லாமல் வேகவைத்து முள் எடுத்தது. பாசிப்பருப்பு 20 கிராம். பூசணிக்காய் 100 கிராம், மலம் சிக்காமல் இருக்க. எல்லாம் சேர்த்து 600 கலோரிக்குப் பக்கம். மீன்காரர் வராத நாளில் கோழிக்கறி 100 கிராம், அதுவும் இல்லையென்றால் இன்னும் இரண்டு முட்டை. நம் வீட்டுக் கோழிதானே, இட்டால் போச்சு! இதை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும். பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீர்.

இது செவலைக்கு எழுதிய சீட்டு. உங்கள் நாய்க்கு எடை வேறு, வியாதி வேறு. கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சீட்டை உங்கள் ஊர் கால்நடை டாக்டரிடம் வாங்குங்கள்.

டப்பாக்களும் மாத்திரைகளும்

இனி விஷயத்துக்கு வருவோம். பக்கத்து டவுனில் ஒரு கடையில் “மூட்டுக்குப் பிரமாதமான பவுடர்” என்று ஒரு டப்பாவைக் காட்டினார்கள். டப்பாவில் துள்ளி ஓடும் வெள்ளைக்கார நாயின் படம். விலையைப் பார்த்தால் என் ஒரு மாத மெஸ் பில்! வாங்காமல் லேபிளை மட்டும் எழுதிக்கொண்டு வந்து டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

அதில் முக்கியச் சரக்கு குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின். இறால், நண்டு ஓட்டிலிருந்தும் விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்தும் எடுப்பவை. கேட்க நன்றாக இருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்புக்குக் குருத்தெலும்புச் சத்து! ஆனால் நாய், பூனைகளின் மூட்டு நோய்க்குக் கொடுக்கும் சத்துப் பொருள்களைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து 2022-ல் ஓர் அறிக்கை வெளியானது. குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டினால் வலி குறைந்ததாக அதில் நிரூபணம் இல்லை. பலன் தெளிவாகத் தெரிந்தது ஒமேகா-3 கொழுப்புக்குத்தான். அது எதில் இருக்கிறது? நம்ம மத்தி மீனில்! தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வண்டி கட்டி வரும் அதே மத்தி. “இந்த மீனுக்கா டாக்டர் சீட்டு எழுதினாங்க?” என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

மீன் எண்ணெய் மாத்திரையும் கொடுக்கலாம். ஆனால் அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும், கலோரியும் ஏறும். எனவே அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மீன் கல்லீரல் எண்ணெய் என்பது வேறு சரக்கு. அதில் ஏ, டி வைட்டமின்கள் அதிகம், அவை உடம்பில் தங்கிவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

டப்பாவே வேண்டாம் என்பதில்லை. வீட்டுச் சோற்றில் கால்சியம், துத்தநாகம், அயோடின் போன்றவை குறையும். கறியும் அரிசியும் எவ்வளவு போட்டாலும் கால்சியக் கணக்கு நேராகாது. அதற்காக டாக்டரம்மா ஒரே ஒரு தாது உப்பு, வைட்டமின் கலவை எழுதித் தந்தார். விலை அந்தப் பவுடரில் பாதிகூட இல்லை. அதுவும் கரண்டியால் அளந்துதான். கால்சியம் நல்லது என்று அள்ளிப் போட்டாலும் கெடுதல்தான்.

லேபிள் வாசிப்பதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒரு டின் உணவில் ‘புரதம் 10 சதவீதம், ஈரம் 75 சதவீதம்’ என்று இருக்கும். உலர் உணவுப் பையில் ‘புரதம் 24, ஈரம் 10’ என்று இருக்கும். எதில் புரதம் அதிகம்? ஈரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். டின்னில் 25 பங்கு உலர்பொருளில் 10, அதாவது 40 சதவீதம். பையில் 90-ல் 24, அதாவது 27 சதவீதம்தான். வாங்குவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் வகுத்துப் பார்த்தால் போதும்.

கொடுக்கவே கூடாதவை

ஒருநாள் அய்யா தன் முழங்கால் வலி மாத்திரையை இரண்டாக உடைத்துக்கொண்டிருந்தார். பாதி அவருக்கு, பாதி செவலைக்கு! “எனக்குக் கேக்குதுல்ல, அதுக்கும் கேக்கும்” என்றார். நல்லவேளை, டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்ததால் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். அட்டையை வாங்கிப் பார்த்தால் டைக்ளோஃபெனாக்.

தோழர்களே, இதைக் கோடு போட்டுப் படியுங்கள். மனிதர் போடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் நாயின் குடலில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் ஆபத்துதான். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக்கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து அந்த இனத்தையே இந்தியாவில் ஏறக்குறையத் துடைத்துவிட்டது. 2006-ல் அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த அரசு தடை விதித்தது. நாய்க்கென்று வலி மருந்து தனியாக இருக்கிறது. அதை டாக்டர்தான் எடை பார்த்துத் தர வேண்டும்.

சமையலறையிலும் எதிரிகள் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆகவே மிஞ்சிய குழம்புச் சோறு வேண்டாம். திராட்சை, பாயசத்தில் போடும் உலர்திராட்சை இரண்டும் சிறுநீரகத்துக்கு ஆகாது. சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் கொஞ்சம் போனாலே இரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். வேகவைத்த எலும்பு ஈட்டி மாதிரிச் சிதறிக் குடலைக் குத்தும். கருவாட்டில் உப்பு அதிகம். பால் பல நாய்களுக்கு வயிற்றைக் கலக்கும், கொஞ்சம் தயிர் ஒத்துக்கொள்ளும்.

சாப்பாடு சரியாக இருந்தால் மட்டும் போதாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி கிழ வயதிலும் வருடா வருடம் போட வேண்டும். பூச்சி மருந்து தவறக் கூடாது. சிமெண்டுத் தரையில் படுக்க விடாமல் நாலைந்து கோணிச்சாக்கை மடித்துப் போடுங்கள். தினமும் மெதுவாகக் கொஞ்ச தூரம் நடக்க வையுங்கள். ஓடாத இயந்திரம்தானே துருப்பிடிக்கும்!

தங்கச்சியின் நோட்டு

நான் விடுதியில். அப்படியானால் ஊரில் யார் அளப்பது? ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கச்சிதான். ஒரு டம்ளரில் 60 கிராம் கம்பு வரும் இடத்தில் கோடு கிழித்துக் கொடுத்தேன். நம் லேப் ரெக்கார்டு மாதிரி ஒரு நோட்டுப் போட்டாள். தேதி, சோறு, தண்ணீர், நடை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை. ‘இன்று பக்கத்து வீட்டு அத்தை முறுக்கு போட்டார்கள்’ என்பதுகூட அதில் இருக்கிறது! அய்யாவின் பிஸ்கட்டை நிறுத்துவதுதான் பெரும்பாடு. “வெறுங்கையோட நின்னா அது மூஞ்சியப் பாக்க முடியலடா” என்றார். பிஸ்கட்டுக்குப் பதிலாக வெள்ளரிப் பிஞ்சை நறுக்கிக் கொடுத்தோம். இப்போது டீக்கடையில் அய்யா சட்டைப்பையிலிருந்து வெள்ளரித் துண்டு எடுப்பதை ஊரே வேடிக்கை பார்க்கிறது.

வாரத்துக்கு 200 கிராம் குறைந்தால் போதும், அவசரப்படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து மாதத்தில் 22 கிலோ 18.6 ஆனது. செவலை இளமைக்குத் திரும்பிவிடவில்லை. முயலைத் துரத்துவதில்லை. கண்ணில் நீலப்படலம் இருக்கிறது. காது மந்தம். ஆனால் ஒரே மூச்சில் எழுகிறது. விடிகாலையில் அய்யாவுக்கு முன்னால் பட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. புதுக்குட்டியும் வந்துவிட்டது. எந்தப் பக்கம் பார்த்துக் குரைக்க வேண்டும் என்று அதற்குச் செவலைதான் வாத்தியார்.

இன்னொன்றும் நடந்தது. போன தீபாவளி விடுமுறையில், சாப்பிட்டு முடித்த பிறகு அய்யா தன் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “ஏலே, நாயோட டப்பாவெல்லாம் வாசிச்சியே, இதுல என்ன போட்டிருக்குன்னு வாசி. நாலு வருஷமா முழுங்குறேன்.” வாசித்தேன். மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவருக்கும் சிறுநீரகப் பரிசோதனை எழுதினார்கள். மாத்திரையை மாற்றினார்கள். அவர் எடையையும் பார்த்துவிட்டுக் குறைக்கச் சொன்னார்கள். வெளியே வந்ததும் அய்யா சிரித்துக்கொண்டே கேட்டார்: “அப்ப எனக்கும் வெள்ளரிப் பிஞ்சுதானா?”

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். வேலை கிடைத்த பிறகுதான் நம் படிப்பு வீட்டுக்கு உதவும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வரை காத்திருக்க வேண்டியதில்லை. லேபிள் வாசிப்பது, அளந்து போடுவது, எழுதி வைப்பது, சந்தேகம் வந்தால் தெரிந்தவரிடம் கேட்பது, இதெல்லாம் முதல் செமஸ்டரிலேயே நமக்கு வந்துவிட்டது. வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்க மாட்டார்கள். வாசலில் கிடக்கும் நாய்க்குக் கேட்கவே வாய் கிடையாது.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் உங்கள் வீட்டு நாயின் விலாவை ஒருமுறை தடவிப் பாருங்கள். அப்படியே அப்பாவின் மாத்திரை அட்டையையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டுக்கு வாருங்கள், கால்குலேட்டரோடு காத்திருக்கிறேன்.